சிங்கத்தின் குகைக்குள் ஒரு கடல்

செம்பிடரி என்ற சிங்கத்துக்குப் பயம் என்றால் என்னவென்றே தெரியாது. கடல் அலையைப் பார்க்கும்வரை தெரியாது!

அது ஆண்ட காடு கடற்கரையில் போய் முடிந்தது. இருந்தாலும் செம்பிடரி அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. கரையில் மான் மேய்வதில்லை. மான் இல்லாத இடத்தில் சிங்கத்துக்கு என்ன வேலை? ஒருநாள் காலை, வயிறு நிறைந்த மயக்கத்தில் கால் போன போக்கில் நடந்து கரைக்கே வந்துவிட்டது. கடல் அப்போது உள்வாங்கியிருந்தது. பாறைகளுக்கு நடுவே ஒரு குழியில் தண்ணீர் தேங்கி நின்றது. சிங்கம் குடிக்கக் குனிந்தது.

குனிந்ததுதான். நிமிரவில்லை.

குழிக்குள் ஒரு தோட்டம் இருந்தது! ஊதா நிறத்தில் கல் பூத்திருந்தது. பச்சைப் பூ ஒன்று விரிந்தது, மூடியது, மறுபடி விரிந்தது. காற்றே இல்லை, ஆனாலும் எல்லாம் ஆடிக்கொண்டிருந்தன. வேப்பம்பழம் அளவுக்கு ஒரு மீன் வந்தது. அப்படி ஒரு நீலத்தைச் சிங்கம் வானத்தில்கூடப் பார்த்ததில்லை. அந்த மீன் சிங்கத்தின் மூக்குக்கு நேராக வந்து நின்று, ‘நீ யார்?’ என்பதுபோல் பார்த்தது. காட்டில் சிங்கத்தை அப்படிப் பார்த்தவர் யாரும் உயிரோடு இல்லை. ஆனால் சிங்கத்துக்குக் கோபம் வரவில்லை. மூச்சுத்தான் நின்றுபோனது. ‘இத்தனை நாளும் இது இங்கேயேவா இருந்தது? நான் தூங்கிக்கொண்டா இருந்தேன்?’ என்று நினைத்தது.

அந்த நேரம் பார்த்துக் கடல் திரும்பி வந்தது. முதுகில் பொத்தென்று ஓர் அலை! வாயிலும் மூக்கிலும் உப்பு! வாலைக் கால்களுக்கு இடையில் செருகிக்கொண்டு சிங்கம் ஓடிய ஓட்டம் ஆலமரத்தடியில்தான் நின்றது. அதை இரண்டு காக்கைகள் பார்த்தன. காக்கைக்குத் தெரிந்தால் காட்டுக்கே தெரிந்த மாதிரிதான்.

மறுநாள் சபை கூடியது. யாரும் சிரிக்கவில்லை. உயிர்மேல் ஆசை யாருக்குத்தான் இல்லை!

“என் குகைக்குள் ஒரு கடல் வேண்டும்!” என்றது சிங்கம். “மீன், பூ, கல் எல்லாம் வரட்டும். அலை மட்டும் வரக் கூடாது!”

“ஆகட்டும், மகாராஜா!” என்றது மயில் மந்திரி. அதன் வாயில் ‘ஆகாது’ என்ற சொல்லே நுழையாது. அதனால்தான் அது மந்திரியாக இருந்தது.

சிங்கத்தின் குகைக்குள் பெரிய பாறைத்தொட்டி ஒன்று இயற்கையாகவே இருந்தது. மேலே கூரையில் ஒரு பிளவு. நண்பகலில் அதன் வழியே வெயில் நேராகத் தொட்டிக்குள் விழும். யானைகள் மூன்று நாள் கரைக்கும் குகைக்குமாக நடையாய் நடந்து, தும்பிக்கையில் கடலைச் சுமந்து வந்து ஊற்றின. கடலடிக் கற்களையும் பவளப் பாறைகளையும் கொண்டுவந்து அடுக்கின. தண்ணீர் தெளிந்தபோது, ஒரு கல்லுக்குள்ளிருந்து ஒரு சங்கு எட்டிப் பார்த்தது. சங்குக்குள்ளிருந்து ஒரு நண்டு எட்டிப் பார்த்தது.

“யாரைக் கேட்டு வந்தாய்?” என்று உறுமியது சிங்கம்.

“நல்லா இருக்கே கதை! கல்லைத் தூக்கிட்டு வந்தது நீங்க. கல்லுக்குள்ளதான் நான் குடியிருந்தேன். நானா வந்தேன்?”

அதன் பெயர் குடிமாறி. சங்கு நண்டுக்குச் சொந்த ஓடு கிடையாது. காலிச் சங்கு தேடிக் குடிபுக வேண்டும். உடம்பு வளர்ந்தால் வீடு மாற வேண்டும். குடிமாறி இதுவரை ஏழு வீடு மாறிவிட்டது. வீடு, தண்ணீர், அக்கம்பக்கம் எதைப் பற்றியும் அதற்கு ஓர் அபிப்பிராயம் உண்டு, கேட்காமலே சொல்லும். இப்போதும் தண்ணீரைக் காலால் தொட்டு வாயில் வைத்துப் பார்த்து முகம் சுளித்தது.

“தண்ணி இன்னும் பழுக்கலை. இப்போ மீன் விடாதீங்க. கல்லுமேல பாசி படியட்டும். கண்ணுக்குத் தெரியாத பொடி உசுரெல்லாம் பெருகட்டும். அதுகதான் மீனோட அழுக்கைத் தின்னு தண்ணியைக் காப்பாத்தும். ஒரு அமாவாசை, ஒரு பௌர்ணமி போகட்டும்.”

“தண்ணீர் என்ன மாம்பழமா, பழுப்பதற்கு?” என்றது சிங்கம். சபை விழுந்து விழுந்து சிரித்தது. மயில் எல்லோரையும்விட ஒரு சிரிப்பு அதிகமாகச் சிரித்தது.

“கடலுக்கு அவசரம் கிடையாது, அரசே!” என்றது குடிமாறி.

“எனக்கு உண்டு!”

மீன் பிடித்து வரும் வேலை துடுப்பனுக்குக் கிடைத்தது. துடுப்பன் ஒரு நீர்நாய். நீந்துவதில் அதற்கு நிகர் அந்தக் காட்டில் இல்லை. எதிர்த்துப் பேசிப் பழக்கமும் இல்லை. கழுத்தில் பெரிய சுரைக்குடுக்கையைத் தொங்கவிட்டுக்கொண்டு கடலில் குதித்தது. மயில் கால் நனையாத தூரத்தில் ஒரு பாறைமேல் உட்கார்ந்து, துடுப்பன் காட்டும் ஒவ்வொரு மீனையும் பார்த்து, ‘எடு’ அல்லது ‘தள்ளு’ என்றது.

முதலில் சேற்று நிறத்தில், விரல் நீளத்தில் ஒரு மீன் வந்தது.

“இது என்ன, குளிக்காமல் வந்திருக்கிறதா? தள்ளு!”

“இவனுக்கு ஒரு இறால் கூட்டாளி உண்டு, மந்திரியாரே. ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு வளையில...”

“இறாலைத் தின்னத்தான் முடியும். வேடிக்கை பார்க்க முடியுமா? தள்ளு!”

அடுத்து நீல மீன் வந்தது. எடு! கோமாளி மீன் வந்தது. ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை. அது குடியிருக்கும் கடல் சாமந்தியும் கூடவே வந்தது. எடு! ஐந்து பச்சைக் குஞ்சு மீன்கள், ஐந்தும் ஒன்றாகவே திரும்பும், ஒன்றாகவே நிற்கும். எடு! மஞ்சள் பட்டுடுத்திய வண்ணத்துப்பூச்சி மீன். எடு, எடு!

கடைசியில் துடுப்பன் ஒரு மீனைக் குடுக்கையில் வைத்துக் காட்டியதும் மயிலுக்குத் தன் தோகையே கொஞ்சம் மங்கிவிட்டதுபோல் இருந்தது. உடம்பெல்லாம் செம்பட்டையும் வெண்பட்டையும். கழுத்தைச் சுற்றி இறகு இறகாக விரிந்த துடுப்புகள், சிங்கத்தின் பிடரி மாதிரியே!

“இது மகாராஜாவேதான்! தண்ணீருக்குள் இருக்கும் மகாராஜா! எடு!”

துடுப்பனுக்கு அந்த மீனைத் தெரியும். கடலில் அதைக் கண்டால் குஞ்சு மீன்கள் என்ன பாடுபடும் என்றும் தெரியும். சொல்ல வாயெடுத்தது. ‘நம்மை யார் கேட்டார்கள்? நமக்கேன் வம்பு?’ என்று மூடிக்கொண்டது.

மறுநாள் நண்பகல், காடு முழுவதும் குகைக்கு வந்தது.

கூரைப் பிளவு வழியே வெயில் இறங்கியது. தொட்டித் தண்ணீருக்குள் வெளிச்சம் ஆடி ஆடிக் கீழே போனது. கடல் சாமந்தி நூறு விரல்களையும் விரித்தது. தொட்டவரைச் சுடும் விரல்கள் அவை. அதற்குள் கோமாளி மீன் புகுந்து, உருண்டு, மெத்தையில் புரளும் குழந்தைபோல் புரண்டது. அதை மட்டும் அந்தப் பூ சுடவில்லை! ஐந்து பச்சை மீன்களும் ஒரே வீச்சில் திரும்பின. பிடரி மீன் மெல்ல எழுந்து வந்து, துடுப்பு எல்லாவற்றையும் விரித்து, அசையாமல் நின்றது. அதன் நிழல் அடித்தரையில் பூக்கோலம் போல விழுந்தது. குகைக்குள் ஒரு சத்தம் இல்லை. சிறுத்தையின் தோளுக்கு அருகில் மான் நின்றது. இரண்டுக்கும் அது தெரியவில்லை. முயல் ஒன்று ஓநாயின் முதுகில் ஏறி நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. யானை ஏனென்று தெரியாமலே கண் கலங்கியது.

சிங்கம் திரும்பிப் பார்த்தது. தன் காட்டில் இப்படி எல்லோரும் ஒன்றாக நின்று அது பார்த்ததே இல்லை. தொட்டியில் கண்ட அதிசயம் பெரிதா, தொட்டியைச் சுற்றிக் கண்ட அதிசயம் பெரிதா என்று அதற்கே சொல்லத் தெரியவில்லை.

“கேளுங்கள்!” என்றது. “இன்று முதல் இந்தக் குகைக்குள் யாரும் யாரையும் தின்னக் கூடாது! இந்தக் கடல் உயிரோடு இருக்கும்வரை இது சட்டம்!”

சட்டம் நல்ல சட்டம்தான். குகைக்குள் இருந்த எல்லோரும் கேட்டார்கள். தொட்டிக்குள் இருந்த ஒருவர் மட்டும் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் பச்சை மீன்கள் நான்கு இருந்தன. ஐந்தாம் நாள் மூன்று. வண்ணத்துப்பூச்சி மீனுக்குத் துடுப்பன் இறால் துண்டு போட்டது, புழு போட்டது. அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கடலில் உயிரோடிருக்கும் பவளத்தின் பூவைத் தவிர அதற்கு எதுவும் இறங்காது. நாளுக்கு நாள் வற்றிப்போய், ஒரு காலையில் மிதந்தது. நீல மீனோ, முதலில் தண்ணீரில் விட்டது தன்னைத்தான் என்ற திமிரில், “இது என் கல்! அதுவும் என் கல்! எல்லாம் என் கல்!” என்று கண்டவரையெல்லாம் கொத்தி விரட்டியது. அதற்குப் பயந்து பச்சை மீன்கள் ஓடி ஒளிந்த மூலையில்தான் பிடரி மீன் நின்றுகொண்டிருந்தது.

தண்ணீரும் உப்பேறியது. வெயிலில் தொட்டி வற்ற வற்ற, யானைகள் கடல் தண்ணீரையே மேலும் மேலும் ஊற்றின.

“தண்ணிதான் ஆவியா போகும், உப்பு போகாது!” என்று குடிமாறி கத்தியது. “வத்துன அளவுக்கு நல்ல தண்ணி ஊத்துங்க!” கடலுக்கு யாராவது சுனைத் தண்ணீர் ஊற்றுவார்களா என்று யானைகள் சிரித்தன.

ஒன்பதாம் நாள் ஒரு பச்சை மீன்கூட இல்லை.

சிங்கம் கர்ஜித்த கர்ஜனையில் கூரையிலிருந்து மண் உதிர்ந்தது. “என் மீன்கள் எங்கே?”

மயில் கழுத்தை நீட்டியது. “மகாராஜா, தினமும் தொட்டிக்குள் கை விடுவது யார்? பரம்பரை பரம்பரையாக மீன் தின்கிற சாதி எது? பாலுக்குப் பூனையைக் காவல் வைத்தோமே!”

எல்லோருடைய கண்ணும் துடுப்பன்மேல் விழுந்தது. சிங்கம் தன் முன்னங்காலை அதன் கழுத்தில் வைத்தது.

“சத்தியமா நான் தொடலை, அரசே! பிடரி மீன்தான் தின்னுச்சு!”

“ஆமாம், அவன்தான்!” என்று தொட்டி விளிம்பில் ஏறி நின்று கூவியது குடிமாறி. “தண்ணிக்குள்ள நடந்தது எல்லாம் கோமாளிக்குத் தெரியும். அது சொல்லி எனக்கும் தெரியும்!”

மீன் பேசினால் வெளியே குமிழிதான் தெரியும். மீன் பேச்சு புரிவது அந்தக் குகையில் இரண்டே பேருக்கு: நண்டுக்கும் நீர்நாய்க்கும். ஒன்று குற்றவாளி, மற்றது அதன் கூட்டாளி. யார் நம்புவார்கள்?

“மகாராஜா,” என்றது மயில், “அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பார்கள். இவ்வளவு அழகான முகத்துக்குள் களவு இருக்குமா?”

“முகத்தைப் பாத்தீங்க, மந்திரியாரே! வாயைப் பாத்தீங்களா?” என்றது குடிமாறி. “அரசே, ஒரு நாள் தாங்க! துடுப்பனைக் குகைக்கு வெளியே நிறுத்திச் சிறுத்தையைக் காவல் வையுங்க. நீங்களே தொட்டிப் பக்கத்துல கண் கொட்டாம உட்காருங்க. நாளைக்குப் பொழுது சாயறதுக்குள்ள உண்மை தெரியும்!”

சிங்கம் யோசித்தது. பிறகு காலை எடுத்தது. “நாளைச் சூரியன் மறையும்வரை. அதற்குள் ஒன்றும் நடக்கவில்லை என்றால் துடுப்பன் உயிர் என்னுடையது. உன் சங்கு யானையின் காலுக்கு!”

மறுநாள் விடிந்தது. சிங்கம் தொட்டியோரம் படுத்து முகத்தைத் தண்ணீருக்கு அருகில் வைத்துக்கொண்டது. நீல மீனைச் சிங்கமே ஒரு குடுக்கைக்குள் ஒதுக்கச் சொல்லிவிட்டது. அது கொத்தி விரட்டுவது தாங்கவில்லை. தொட்டியில் மிச்சம் இருந்தது இரண்டே மீன்: பிடரி மீனும் கோமாளியும்.

கோமாளி மீனுக்கு ஒரு பழக்கம். சிங்கத்தின் மூக்கு தண்ணீர் அருகில் வந்தால் போதும், பூவை விட்டு ஓடிவந்து மூக்குக்கு நேரே நின்று வாலை ஆட்டும். அன்றும் வந்தது. சிங்கத்துக்குள் ஏதோ ஒன்று இளகியது. பிடரி மீன் அசையவே இல்லை. முந்தின நாள்தான் கடைசிப் பச்சை மீன் வயிற்றுக்குள் போயிருந்தது. அதற்கு என்ன அவசரம்?

நண்பகல் ஆனது. வெயில் வந்தது, போனது. பிடரி மீன் தூங்குவதுபோல் நின்றது. குடிமாறிக்குச் சங்குக்குள்ளேயே வியர்த்தது. மயில் தோகையைக் கோதிக்கொண்டது.

“அக்கா!” என்று வெளியிலிருந்து துடுப்பன் குரல் கொடுத்தது. “ஏதாவது நடந்துச்சா?”

“பொறுலே!” என்றது குடிமாறி. வேறு என்ன சொல்லும்?

பொழுது சாயத் தொடங்கியது. கூரைப் பிளவில் வெளிச்சம் சிவந்தது. சிறுத்தை எழுந்து சோம்பல் முறித்தது. அப்போது பிடரி மீன் துடுப்புகளை விரித்தது.

ஒவ்வொன்றாக, விசிறியை விரிப்பதுபோல் மெல்ல விரித்தது. சிவந்த வெளிச்சம் ஒவ்வொரு இறகிலும் ஊடுருவி நின்றது. குகைக்குள் இருந்த அத்தனை உயிரும் பெருமூச்சு விட்டது. சிங்கமும் மயங்கிப்போய்ப் பார்த்தது. அந்த விசிறி ஒரு பக்கத்தை அடைத்துக்கொண்டு வருவது அதற்குத் தெரியவில்லை. சிங்கத்தின் மூக்கைத் தேடி வந்த கோமாளி மீன் கல்லுக்கும் விசிறிக்கும் நடுவே மாட்டிக்கொண்டது. பூவுக்குத் திரும்ப வழி இல்லை. வாலாட்டுவதை நிறுத்திவிட்டு, சிங்கத்தை நிமிர்ந்து பார்த்தது.

அப்போதுதான் சிங்கம் முதல்முறையாகப் பிடரி மீனின் வாயைப் பார்த்தது. அந்த வாய் திறந்தது. அவ்வளவு சின்ன முகத்தில் அவ்வளவு பெரிய வாயா!

அலைக்குப் பயந்து ஓடிய சிங்கம் அது. உப்புத் தண்ணீரைக் கண்டாலே பிடரி சிலிர்க்கும். ஆனால் அந்த நொடியில் அது எதையும் நினைக்கவில்லை. முன்னங்காலைத் தண்ணீருக்குள் பாய்ச்சியது!

தண்ணீர் தெறித்தது. கோமாளி மீன் காலிடுக்கு வழியாகத் தப்பிப் பூவுக்குள் புகுந்தது. மறுநொடி சிங்கம் அலறியது. பிடரி மீனின் முதுகு முள் பாதத்தில் ஏறியிருந்தது; அந்த முள்ளில் விஷம்! வலி தோள்வரை ஏறியது. காட்டின் அரசன் தரையில் விழுந்து புரண்டது. எல்லோரும் செய்வதறியாமல் நின்றார்கள். மயில் கூரைக்குப் பறந்துவிட்டது.

“சுடுமணல்! சுடுமணல் வேணும்!” என்று ஒரு குரல். வெளியே நின்ற துடுப்பன்தான். சிறுத்தை தடுக்கவில்லை. துடுப்பன் கரைக்கு ஓடி, பகலெல்லாம் வெயிலில் வெந்த மணலைக் குடுக்கையில் அள்ளிக்கொண்டு வந்து, சிங்கத்தின் பாதத்தை அதற்குள் புதைத்தது. மணல் ஆற ஆற மாற்றியது. இரண்டு முறை, மூன்று முறை, ஏழு முறை ஓடியது. ஏழாம் முறை சிங்கத்துக்கு மூச்சு சீராக வந்தது.

“உன்னைக் கொல்ல இருந்தேனே,” என்றது சிங்கம்.

துடுப்பன் தலையைக் குனிந்துகொண்டது. “என் மேலயும் தப்பு இருக்கு, அரசே. அந்த வாயைப் பத்தி எனக்கு அன்னைக்கே தெரியும். யாரும் கேக்கலைன்னு நான் சொல்லலை.”

சிங்கம் நொண்டிக்கொண்டே தொட்டிக்கு வந்தது. “துரோகி! என் குகையில், என் சட்டத்தை மீறி! இவனை வெளியே எடுத்துப் பாறையில் எறியுங்கள்!”

பிடரி மீன் அசையாமல் நின்று சில குமிழிகள் விட்டது. குடிமாறி காது கொடுத்துக் கேட்டது. பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னது:

“ ‘கடல்ல எப்படி இருந்தேனோ அப்படியேதான் இங்கேயும் இருந்தேன். பசிச்சது, தின்னேன். கடலா இருந்தா அந்தப் பொடியன்கள் ஓடியிருப்பாங்க. ஓட இடமில்லாத தொட்டியில என்னையும் அவங்களையும் ஒண்ணா விட்டது யாரு?’ன்னு கேக்குறார், அரசே.”

எல்லோரும் மயிலைப் பார்த்தார்கள். மயில் சிங்கத்தைப் பார்த்தது. சிங்கம் தண்ணீரைப் பார்த்தது. வெகுநேரம் பார்த்தது.

“நான்தான்,” என்றது.

அந்தச் சொல்லைச் சிங்கத்தின் வாயிலிருந்து அந்தக் காடு அதற்கு முன் கேட்டதில்லை.

மறுநாள் பிடரி மீனைக் கடலுக்கே கொண்டுபோய் விட்டது துடுப்பன். கோமாளியையும் அதன் பூவையும் குடுக்கைக்குள் இருந்த நீலனையும் கரையோரக் குழி ஒன்றில் பத்திரமாக வைத்தது. குகைத் தொட்டியில் கல்லும் தண்ணீரும்தான் மிச்சம். அமாவாசை வரை காத்திருந்தார்கள். பௌர்ணமி வரையும் காத்திருந்தார்கள். வற்றிய அளவுக்கு யானைகள் சுனைத் தண்ணீர் ஊற்றின, ஒருவரும் சிரிக்கவில்லை. காலையும் மாலையும் ஒரு யானை தும்பிக்கையை விட்டு ஊதித் தண்ணீரைக் கலக்கிவிட்டது.

வெறும் தண்ணீரை என்ன பார்ப்பது என்று எல்லோரும் போய்விட்டார்கள். சிங்கம் மட்டும் போகவில்லை. முதல் வாரம் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் வாரம் கல்மேல் பழுப்பாய் ஒரு படலம். மூன்றாம் வாரம் பச்சைப் பாசி. அப்புறம் கல்லின் ஓட்டைகளிலிருந்து நூல்போல் புழுக்கள் தலை நீட்டின. கடுகளவு நத்தைகள் ஊர்ந்தன. கண்ணாடித் துகள்போல் ஏதேதோ துள்ளின. யாரும் கொண்டுவந்து விடாத உயிர்கள்! சிங்கத்துக்கு உடம்பு புல்லரித்தது.

“குடிமாறி! தண்ணீர் பழுத்துவிட்டது!” என்று கத்தியது.

“நான் சொன்னப்போ மாம்பழமான்னு கேட்டீங்களே!” என்றது குடிமாறி. விடுமா அது!

இந்த முறை கரைக்குச் சிங்கமே போனது. அலை வந்தபோது நடுங்கியது, ஓடவில்லை. துடுப்பன் ஒவ்வொரு மீனாகக் காட்ட, குடிமாறி மூன்று கேள்வி கேட்டது. “என்ன தின்பே? எவ்வளவு பெருசா வளருவே? யாரோட ஒத்துப்போவே?” கல்யாணத்துக்குப் பொருத்தம் பார்ப்பவர்கள்கூட அவ்வளவு துருவிக் கேட்டிருக்க மாட்டார்கள். மஞ்சள் பட்டுடுத்திய மீன்கள் வந்தன. சிங்கம் ஆசையோடு பார்த்தது. பெருமூச்சு விட்டு, “போய் வாருங்கள்,” என்று அனுப்பிவைத்தது. கோமாளி பூவோடு திரும்பியது. நீலனைக் கடைசியாகத்தான் விட்டார்கள். எல்லாக் கல்லிலும் ஆள் குடியிருப்பதைப் பார்த்த நீலன், “கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா?” என்று கேட்டுக்கொண்டு ஒரு மூலையில் ஒதுங்கியது.

முதலில் விட்டது யாரைத் தெரியுமா? மயில் ‘தள்ளு’ என்ற அந்தச் சேற்று நிற மீனையும் அதன் இறால் கூட்டாளியையும்தான்!

இறாலுக்குக் கண் சரியாகத் தெரியாது. ஆனால் தோண்டத் தெரியும். மண்ணை வாரி வாரி வெளியே தள்ளி, இருவருக்குமாக ஒரு வளை தோண்டியது. மீனுக்குத் தோண்டத் தெரியாது. ஆனால் கண் கூர்மை. வளை வாசலில் காவல் நின்றது. வேலை செய்யும்போதெல்லாம் இறால் தன் நீண்ட மீசை ஒன்றை மீனின் உடம்பில் வைத்தபடியே இருந்தது. ஆபத்து வந்தால் மீன் வாலைச் சிறிது அசைக்கும். அவ்வளவுதான், இருவரும் வளைக்குள்! ஆபத்து போனதும் முதலில் மீன், பின்னால் இறால். மறுபடி மீசை மீனின்மேல்.

சிங்கம் மூன்று நாள் வேட்டைக்கே போகவில்லை. “இவன் கண்ணை அவன் வாங்கிக்கொண்டான், அவன் கையை இவன் வாங்கிக்கொண்டான்,” என்று தனக்குள் சொல்லிக்கொண்டே இருந்தது. இதைவிட அழகான ஒன்றை நான் பார்த்ததில்லை என்றும் சொன்னது. அந்த மீனின் நிறம் என்ன என்று யாராவது கேட்டிருந்தால் அதற்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

காடு மறுபடி குகைக்கு வந்தது. சட்டமும் திரும்பி வந்தது. மயில் இப்போது ஓரமாக நின்று, வாய் திறக்காமல் பார்த்தது.

ஒருநாள் நண்பகலில் முயல் மெல்ல நகர்ந்து சிங்கத்தின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. இரண்டும் வெகுநேரம் அந்த மீசையையும் வாலையும் பார்த்துக்கொண்டிருந்தன.

“அரசே, ஒண்ணு கேக்கலாமா?”

“கேள்.”

“நீங்க என்ன தின்பீங்க?”

சிங்கம் திரும்பி முயலைப் பார்த்தது. அதன் சின்னக் கழுத்தைப் பார்த்தது. தண்ணீரில் தெரிந்த தன் வாயையும் பார்த்தது. முள் ஏறிய பாதம் லேசாக வலித்தது.

“உண்மையைச் சொல்கிறேன்,” என்றது கடைசியில். “உன்னைத்தான். இந்தக் குகைக்குள் நான் தொட மாட்டேன். வாசலைத் தாண்டினால் எனக்கு நானே உத்தரவாதம் கிடையாது. நீ ஓட வேண்டும்.”

“தெரியும், அரசே!” என்றது முயல். “அதனாலதான் நான் வந்ததும் முதல்ல வாசல் எந்தப் பக்கம்னு பாத்துட்டு, உங்களுக்கும் வாசலுக்கும் நடுவுல உக்காந்தேன்!”

சிங்கம் சிரித்தது. சிரித்துவிட்டு, தன் பெரிய உடம்பை இன்னும் இரண்டடி உள்ளே தள்ளி வைத்துக்கொண்டு, முயலுக்கு ஓடுவதற்கு இன்னும் கொஞ்சம் இடம் விட்டது. பிறகு இருவரும் தண்ணீரைப் பார்த்தார்கள்.

அழகைப் பார்த்து அழைத்து வந்து குடிவைக்காதே. யார் யாரோடு வாழ முடியும் என்று கேட்டறிந்து, அவரவர் பிழைக்க இடமும் விட்டுக் குடிவை.